48ஜி-யை யாரும் தேடவில்லை

ஜூன் 9, திங்கள்

அறிக்கையைக் கொடுத்துவிட்டோம். மூன்று மாத வேலை, பதினாறு பக்கம், ஸ்பைரல் பைண்டிங். போக்குவரத்து அலுவலகத்தில் உதவி மேலாளர் ஈஸ்வரமூர்த்தி எங்களுக்கு டீ வரவழைத்தார். பெனடிக்ட் டீ குடிக்க மாட்டான். அவனுடையதையும் நானே குடித்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு, எந்த பஸ் எப்போது வரும் என்று சொல்ல நாதியில்லையே என்ற எரிச்சலில் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்த செயலி இது. பெயர் ‘வருதா’. பஸ்ஸில் இருப்பவர் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால், வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று நிறுத்தத்தில் நிற்பவர் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது ஆள் கல்யாணமாகி துபாய் போய்விட்டான். நானும் பெனடிக்ட்டும்தான் மிச்சம். அவனுக்குப் பகலில் ஒரு கம்பெனியில் வேலை. எனக்குக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில்.

இப்போது தினம் முப்பதாயிரம் பேர் தேடுகிறார்கள். எந்தத் தடத்தை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைத்தான் அறிக்கையாகக் கொடுத்தோம். இரண்டாம் பக்கத்தில் ‘பயணிகள் ஆர்வம் காட்டாத தடங்கள்’ என்று ஆறு தடங்கள். அந்தத் தலைப்பு நான் வைத்தது. ஈஸ்வரமூர்த்தி அதன் கீழே பேனாவால் கோடு போட்டு, “இது ரொம்ப உபயோகமா இருக்கும் மேடம்” என்றார். நாலு வருடத்தில் ஒரு அதிகாரி எங்களைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் சிங்க் குழாய் ஒழுகுகிறது. சாந்தாமணி ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். என் முதுகில் தட்டு விலகிய நாளிலிருந்து, இரண்டு வருடமாக அவள்தான் இந்த வீட்டின் குனிந்து செய்கிற வேலைகளை எல்லாம் செய்கிறாள். இவர் திருப்பூரில் இருந்துகொண்டு சனிக்கிழமை வருகிற விருந்தாளி. பிளம்பருக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

நாற்பது நிறுத்தங்களில் எங்கள் ஸ்டிக்கரை ஒட்ட அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. பெனடிக்ட் போனில் குதித்தான். எனக்குக் குதிக்க முடியாது. பெல்ட் போட்டிருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

சாந்தாமணி ஏழு மணிக்கு முன்னால் வருகிறவள், இன்று எட்டு இருபதுக்கு வந்தாள். நான் ஒன்பதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பாத்திரத்தை நானே தேய்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே வருகிறாள். ஸ்கூட்டரில் ஏறும்போது உயிர் போயிற்று.

(பஸ்ஸுக்காக இவ்வளவு உழைக்கிற நீ ஏன் ஸ்கூட்டரில் போகிறாய் என்று இவர் கேட்பார். ஏறி இறங்க முதுகு விடாது என்பேன். முதுகு கெடுவதற்கு முன்பும் ஸ்கூட்டர்தான்.)

ஜூன் 24, செவ்வாய்

எட்டரை. சேலைக் கரையெல்லாம் செம்மண்.

ஜூன் 25, புதன்

இன்றும்.

ஜூன் 27, வெள்ளி

மூன்றாவது மாடி விசாலம் மாமி சாந்தாமணியை நிறுத்திவிட்டார். லிஃப்டில் சொன்னார், “நேரத்துக்கு வராதவளை வச்சுண்டு என்ன பண்றது? நீங்களும் வேற ஆள் பாருங்கோ.” பக்கத்து பிளாக் வீடும் போய்விட்டதாம். வந்துகொண்டிருந்த மூன்று வீடுகளில் இனி என் வீடு ஒன்றுதான்.

வேறு ஆள் பார்க்கலாமா என்று நானும் யோசித்தேன். யோசித்ததை ஒளிக்கப் போவதில்லை.

ஜூன் 28, சனி

கேட்டுவிட்டேன். “ஏன் சாந்தா, தினமும் இப்படி வந்தா நான் எப்படி வேலைக்குப் போறது?”

“வண்டிய நிறுத்திப்போட்டாங்கக்கா. திங்கக்கெழமையிலிருந்து வரலீங்க. மெயின் ரோட்டுக்கு மூணு மைல் நடந்து வந்து, அங்க வர்ற வண்டில தொங்கிக்கிட்டு வர்றமுங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? போனை எடுத்துக் காட்டி, “இதுல பாத்தா வேற வண்டி ஏதாச்சும் காட்டும், நாங்க செஞ்சதுதான்” என்றேன். அவள் இடுப்பில் சொருகியிருந்த பட்டன் போனை எடுத்துக் காட்டினாள். “இதுல வருமுங்களாக்கா?” வராது என்றேன். சரி, நானே பார்த்துச் சொல்கிறேன், எந்த ஊர் என்று கேட்டேன். ஓடக்காடு என்றாள்.

ஓடக்காடு என்று போட்டுத் தேடினேன். ‘இந்த நிறுத்தத்துக்குத் தற்போது பேருந்து இல்லை’ என்று வந்தது. அந்த வாசகமும் நான் எழுதியதுதான். கீழே சின்ன எழுத்தில், முன்பு ஓடிய தடத்தின் எண் இருந்தது. போனை வைத்துவிட்டு மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அந்தத் தடம் எனக்கு எங்கோ பார்த்ததுபோல இருந்தது. தினம் நூற்றுக்கணக்கில் எண்களைப் பார்க்கிறேன், எல்லாம் பார்த்ததுபோலத்தான் இருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

துணி துவைத்தேன். இவருக்குக் கொள்ளுப் பருப்பு கடைந்தேன். தலைவலி.

இவர் தூங்கியதும் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான்காவது வரி. 48ஜி, வெள்ளக்கல்மேடு – ஓடக்காடு – டவுன். மூன்று மாதத்தில் தேடியவர்கள்: பூஜ்யம். இதற்கு மேல் இன்று எழுத வேண்டாம்.

ஜூலை 1, செவ்வாய்

பெனடிக்ட்டிடம் சொன்னேன். “நாம பஸ்ஸ நிறுத்தச் சொல்லலையே அக்கா, டேட்டாதான குடுத்தோம்” என்றான். இரண்டு நாளாக நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் வாயிலிருந்து கேட்கும்போது நன்றாக இல்லை.

ஆட்களே இல்லாத தடமாகத்தான் இருக்க வேண்டும், சாந்தாமணி மாதிரி ஒன்றிரண்டு பேர் இருக்கலாம் என்று அவன் சொல்கிறான். நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சாந்தாமணியிடம், “பஸ் விஷயமா நான் பேசிப் பாக்கறேன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 5, சனி

விடிய ஐந்துக்குக் கிளம்பி ஸ்கூட்டரில் ஓடக்காடு போனேன். ஆடிக்கு முன்பே காற்று ஆளைத் தள்ளுகிறது. வழியிலேயே அவர்களைப் பார்த்துவிட்டேன். மண் ரோட்டில் வரிசையாகப் பெண்கள், தூக்குப்போசியும் பையுமாக நடந்து வருகிறார்கள். எண்ணினேன். இருபத்தாறு பேர். ஆஸ்பத்திரியில் பெருக்குகிறவர்கள், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். நடுவில் சாந்தாமணி.

“எங்கக்கா வந்துருக்காங்க. பஸ் ஆபீசுல பேசறேன்னு சொன்னாங்கல்ல, அவுங்கதான்” என்று எல்லோரிடமும் சொன்னாள். அவர்கள் நின்று கும்பிட்டார்கள். திருத்த வேண்டிய இடம் அதுதான். நான் திருத்தவில்லை. திருப்பிக் கும்பிட்டேன்.

அவர்கள் போன பிறகு கடைசி ஊரான வெள்ளக்கல்மேட்டுக்குப் போனேன். ராத்திரி வந்து நிற்கும் வண்டி மயிலாத்தாள் என்பவரின் வீட்டு வாசலில்தான் நிற்குமாம். காலை ஐந்து நாற்பதுக்கு அங்கிருந்தே கிளம்புமாம். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வெந்நீர் வைத்துக் கொடுப்பது அவர் வேலை.

இவ்வளவு பேர் போகிற வண்டியை ஒருவர்கூட எங்கள் செயலியில் ஏன் தேடவில்லை? நேராகவே கேட்டேன். “வண்டி எப்ப வரும்னு எல்லாருக்கும் எப்படீங்க தெரியும்?”

“நாந்தான் ரிங்கு உடுவனே அம்மிணி” என்றார்.

விஷயம் இதுதான். டிரைவர் வண்டியை எடுத்ததும் மயிலாத்தாள் ஓடக்காட்டில் ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அந்தப் பெண் தன் ஊரில் சத்தம் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஒன்று. இப்படி டவுன் வரைக்கும் ஒன்பது நிறுத்தத்துக்கு ஒன்பது பேர். “ஒரு ரிங்குன்னா வண்டி எடுத்தாச்சு. ரெண்டு ரிங்குன்னா லேட்டு. ரிங்கே வரலீன்னா இன்னிக்கு வண்டி இல்ல, நடையக் கட்ட வேண்டீதுதான். ஒருத்தரும் எடுத்துப் பேச மாட்டோம். பதனோரு வருசமா இப்பிடித்தான்.”

பதினோரு வருடம். நாங்கள் மூன்று பேரும் செயலி செய்ய ஒயிட்போர்டு வாங்குவதற்கு ஏழு வருடம் முன்பு. எங்கள் செயலி சராசரியாக ஏழு நிமிடம் தப்பாகச் சொல்லும். அவர்களுடையது தப்பாகச் சொன்னதாக மயிலாத்தாளுக்கு நினைவில்லை. அவர்களுக்குத் தேட வேண்டிய தேவையே இல்லை. தேடாதவர்களை இல்லாதவர்கள் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

கிளம்பும்போது ஒரு பை நிறைய நிலக்கடலை கொடுத்தார். “நீங்க சொன்னா கேப்பாங்க அம்மிணி, படிச்சவிங்க” என்றார். வேண்டாம் என்று சொல்லக்கூட யோக்கியதை இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தேன். எங்கள் கணக்கு தவறு, அந்தப் பக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று கடிதம் கொண்டுபோயிருந்தேன். படித்துவிட்டு மடித்து மேஜையில் வைத்தார்.

“டிக்கெட் கணக்கு உங்ககிட்டயே இருக்குமே சார். எத்தனை பேர் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

“தெரியுமுங்க மேடம். டிரைவர் பத்தல, வண்டி பத்தல. எங்கியாச்சும் ஒரு வண்டிய எடுத்தாகணும். எதை எடுத்தாலும் சண்டைக்கு வருவாங்க. உங்க லிஸ்ட்டக் காட்டினோம், கம்ப்யூட்டரே சொல்லிருச்சுன்னு ஒருத்தரும் கேள்வி கேக்கல.” அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“இந்தக் கடுதாசிய வச்சு நான் வண்டி விட முடியாதுங்க. நிறுத்தறதுக்கு உங்க நம்பரக் காட்டுனேன், திரும்ப ஓட்டறதுக்கும் உங்க நம்பர்தான் வேணும். ஒரு மாசம் அந்தத் தடத்த ஆள் தேடறாங்கன்னு காட்டுங்க. மேல எழுதறேன்.”

ஓடாத வண்டியைத் தேட வேண்டும். அதுவும் பட்டன் போனில்.

ஜூலை 9, புதன்

பெனடிக்ட் முதலில் முடியாது என்றான். “ஸ்டிக்கர் ஒட்டி ஒரு மாசம்கூட ஆகல. நம்ம கணக்கே தப்புன்னு நாமளே சொன்னா அப்புறம் யார் நம்புவாங்க அக்கா?” பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு அவன் விண்ணப்பித்திருக்கிறான். ‘வருதா’தான் அவனுக்கு அங்கே முகவரி. ஓடக்காட்டு ரோட்டில் எடுத்த போட்டோவை அனுப்பினேன். இருபத்தாறு பேரின் முதுகு.

ஒரு மணி நேரம் கழித்து, “மிஸ்டு கால் குடுத்தா அதைத் தேடலா எடுத்துக்கற மாதிரி செய்யலாம். ஒரு நம்பர் வாங்கணும். ரெண்டு நாள் ஆகும்” என்று செய்தி வந்தது. நாலு வருடத்தில் எங்களுக்குத் தோன்றாத யோசனை. ஒரு நாளைக்கு ஒரு போனுக்கு ஒரு தேடல்தான் எண்ணிக்கையில் சேரும், அதில் மட்டும் கை வைக்க மாட்டேன் என்றான். வைக்கச் சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஆரம்பித்தாயிற்று. புது எண்ணை மயிலாத்தாளிடம் கொடுத்தேன், அவர் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார். காலை ஐந்து நாற்பதுக்கு, இல்லாத வண்டி கிளம்புகிற நேரத்தில், எங்கள் கம்ப்யூட்டரில் மிஸ்டு கால் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. பதினெட்டு.

ஜூலை 17, வியாழன்

இருபத்து மூன்று. குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் நாளை வருகிறேன் என்று சொல்லி இது ஆறாவது நாளை.

ஜூலை 22, செவ்வாய்

சாந்தாமணி வேலையை முடித்துவிட்டு வாசற்படியில் நின்றாள். காலில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லோணும். உங்க ஒரு ஊட்டுக்காக இத்தன தூரம் நடக்க முடியலீங்க. இந்த ஆடி முடியறதுக்குள்ள வண்டி வரலீன்னா நின்னுக்கறனுங்க. நீங்க வேற ஆளப் பாத்து வச்சுக்கங்க.”

“வேற எங்க போவே?”

“எங்க போறது? ஊட்டுலதான் இருக்கோணும். புள்ளைக்கு காலேஜு சேத்தறதுக்குத்தான் மூணு ஊடு புடிச்சேன்.”

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “வந்துரும் சாந்தா” என்றுதான் வந்தது. அவள் என்னை நம்பினாள். அந்த நம்பிக்கை எனக்குத் தாங்கவில்லை. அவள் போனதும் உட்கார்ந்து அழுதேன். முதுகு வலி என்று எழுதலாம், ஆனால் அது இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

பதினொன்று. சிலர் சலித்துவிட்டார்கள். வராத வண்டிக்கு எத்தனை நாள் போன் போடுவார்கள்? மயிலாத்தாளைக் கூப்பிட்டுப் பேசினேன். “நாம் பாத்துக்கறேன் அம்மிணி” என்றார்.

ஜூலை 30, புதன்

முப்பத்து நான்கு. வண்டியில் போகாதவர்களையும் சேர்த்து அழுத்தச் சொல்லியிருக்கிறார். பெனடிக்ட் பார்த்திருப்பான். ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்று வார அட்டவணையை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மாதம் ஆகவில்லையே என்றார் ஈஸ்வரமூர்த்தி. எங்கள் பழைய அறிக்கையைக் காட்டி, இதை நம்பியபோது யாரும் நாள் எண்ணவில்லையே என்றேன். பிறகு மணி அடித்து டைப்பிஸ்டைக் கூப்பிட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

48ஜி வந்துவிட்டது. சாந்தாமணி ஆறு ஐம்பதுக்கு மணி அடித்தாள். தலையில் கனகாம்பரம். “வண்டிக்கு மால போட்டமுங்க” என்றாள். வாழைப்பழம் கொடுத்தாள், டிரைவருக்கு வாங்கியதில் மிச்சமாம்.

மாடிக்குப் போய் விசாலம் மாமியிடம் பேசினேன். இனி நேரத்துக்கு வருவாள், திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வேறு ஆள் அமைந்துவிட்டது என்றார். பக்கத்து பிளாக்கிலும் அதே பதில்தான்.

ஆகஸ்ட் 9, சனி

மயிலாத்தாள் போன் செய்தார். அவரிடமிருந்து வந்த, எடுத்துப் பேசுகிற முதல் அழைப்பு. “வண்டிதான் வந்துருச்சே அம்மிணி, இன்னும் அந்த நம்பருக்கு ரிங்கு உடோணுமா?”

விட வேண்டும் என்றேன்.

“உடலீன்னா?”

அடுத்த மூன்று மாதத்தில் மறுபடி பூஜ்யம் வரும். அதைச் சொன்னேன். “செரி, உடறமுங்க. வண்டி வருதுன்னு எங்களுக்கு ஒண்ணு, நாங்க இருக்கறம்னு உங்களுக்கு ஒண்ணு” என்றார். குத்திச் சொல்லவில்லை. கணக்கைச் சரி பார்த்துக்கொள்கிற குரல்.

பெனடிக்ட்டிடம், ஆர்வம் காட்டாத தடங்கள் என்ற பக்கம் இனி எந்த அறிக்கையிலும் வராது என்று சொல்லிவிட்டேன். மற்ற ஐந்து தடங்களுக்கும் ஒவ்வொரு சனிக்கிழமை போக வேண்டும். இரண்டை ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று சொன்னேன். கல்லூரிக்குத் தாமதமாகும் என்று போன் செய்துவிட்டு, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாந்தாமணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சாந்தா, அந்த வண்டி நின்னதுக்கு நான்தான் காரணம். அதுல யாருமே போறதில்லைன்னு எழுதிக் குடுத்தது நான்தான்.”

கை நின்றது. திரும்பவில்லை. மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். செயலியில் தேடல் வரவில்லை, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அவள் குக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ரெண்டு வருசமா உங்கூட்டுக்குத்தானுங்கக்கா வர்றேன்” என்றாள். “எதுல வர்றீன்னு ஒரு நாளு என்னயக் கேட்டிருக்கலாமுங்க.”

பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன்.